தலை கறுக்கும் காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கும் காலைப் பொழுதில் ஒருமுறையாவது போய் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க, அதுவரை மணலில் சும்மா உட்கார்ந்திருந்த பறவைகள் எல்லாம் எழும்பும். முதலில் ஆலாக்கள் என்னும் சிறிய கடற்பறவைகள், அடுத்துப் பழுப்புத்தலைக் கடற்காகங்கள். கூச்சல் காதைப் பிளக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒன்றோ இரண்டோ பறவைகள் மட்டும் அவசரப்படாமல், கனத்த சிறகை நிதானமாக அடித்து வரும். மற்றவை புறா அளவு என்றால் இவை பருந்து அளவு. இவை இறங்கும் இடத்தில் மற்றவை தாமாகவே விலகிக்கொள்ளும்.

இதுதான் பெரிய கருந்தலைக் கடற்காகம். சிறகை விரித்தால் சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கும். கொழுத்த ஆண் பறவை 2 கிலோ வரை எடை இருக்கும். உலகின் மிகப் பெரிய கடற்காக இனங்களில் இதுவும் ஒன்று.

நான் இதை முதன்முதலாகப் பார்த்தது ஒரு டிசம்பர் மாதத்தில். பெயரில் கருந்தலை இருக்கிறது, கண்ணெதிரே நின்ற பறவைக்கோ தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மட்டும் கரி படிந்தாற்போல் லேசான நிழல். அலகு தடித்த மஞ்சள். அதன் நுனிப்பக்கம் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை. வேறு இனமாக இருக்குமோ என்று குழம்பி நின்றேன். பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “தை பிறந்த பிறகு வந்து பாருங்கள் தம்பி, அதற்குத் தலை கறுக்கும்.”

பிப்ரவரியில் மறுபடி போனேன். அவர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஒரு பறவைக்குக் கன்னம் வரை கறுத்திருந்தது. இன்னொன்றுக்கு நெற்றியில் மட்டும் வெள்ளை மிச்சம். மூன்றாவதற்குத் தலை முழுவதும் மை பூசினாற்போல் கறுப்பு. அந்தக் கறுப்பில் கண்ணுக்கு மேலும் கீழும் இரண்டு வெள்ளைப் பிறைகள் மட்டும், சுண்ணாம்பு தொட்டு வரைந்த மாதிரி தெளிவாக நின்றன. தலையின் பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைப்பதால் வரும் மாற்றம் இது. இனப்பெருக்கத்துக்காகப் பூணும் கோலம். பிள்ளை பெறுவது எங்கோ மத்திய ஆசியாவில். அதற்கான அலங்காரம் தொடங்குவது நம் மணலில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இவ்வளவு முன்கூட்டியே ஏன் தயாராக வேண்டும்? காஸ்பியன் கடல் தீவுகளிலும், கஜகஸ்தான், மங்கோலிய ஏரிகளிலும் பனி விலகும் வசந்தத் தொடக்கத்திலேயே இவை கூட்டமாகக் கூடு வைத்துவிடும். வெறுந்தரையில் காய்ந்த செடிகளைக் குவித்து இரண்டு மூன்று முட்டைகள் இடும். நரியும் ஓநாயும் எளிதில் வரமுடியாத தட்டையான தீவுகளே இவற்றுக்குப் பிடித்த இடம். ஏரியில் நீர் வற்றித் தீவு கரையோடு சேர்ந்துவிட்டால் இடத்தை மாற்றியாக வேண்டும். வெளியே வரும் குஞ்சுக்கு முழுக் கறுப்புத் தலை வாய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். நம் கரையில் காணும் பழுப்புப் புள்ளியிட்ட பறவைகள் இந்த இளசுகள்தான்.

இந்த இனத்தை 1773-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பீட்டர் சைமன் பல்லாஸ். பெர்லினில் பிறந்து, ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அழைப்பில் போய், காஸ்பியன் பகுதியெல்லாம் சுற்றியவர். அவர் வைத்த அறிவியல் பெயருக்கு ‘மீன் கழுகு’ என்று பொருள். மிகப் பொருத்தமான பெயர். மீன், நண்டு, பூச்சி, சிறு பாலூட்டி என்று அகப்பட்டதை விழுங்கும். ஆலாவின் வாயிலிருப்பதைப் பறிக்கவும் தயங்காது.

உப்புநீரைக் குடித்து எப்படிப் பிழைக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். கடற்காகங்களுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் உண்டு. இரத்தத்தில் சேரும் மிகை உப்பை அவை பிரித்து நாசி வழியே வெளியேற்றும். 1950-களின் பிற்பகுதியில் நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் கடற்பறவைகளிடம் இதைக் கண்டறிந்தார். தொலைநோக்கியில் பொறுமையாகப் பார்த்தால், அலகின் நுனியில் ஒரு துளி திரண்டு தொங்குவதும், பறவை தலையை உதறுவதும் தெரியும். சளி பிடித்த பறவை என்று எண்ணிவிட வேண்டாம்.

நோய் வேறு இவற்றைத் தாக்கியிருக்கிறது. 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கில் நீர்ப்பறவைகள் மடிந்தன. வரித்தலை வாத்துகளோடு இந்தக் கடற்காகங்களும் அங்கே செத்து விழுந்தன.

நம் கரையில் இவற்றுக்கு வேண்டியது ஓய்வு. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குச் சாலை வந்தபிறகு கூட்டம் பெருகியிருக்கிறது. மணலில் அமர்ந்திருக்கும் பறவைக் கூட்டத்துக்குள் பிள்ளைகளை ஓடவிட்டு, அவை எழும்புவதைப் படம் எடுக்கிறார்கள். வேண்டாம், தயவுசெய்து நிறுத்துங்கள். தை, மாசியில் இந்தப் பறவைகள் சேர்த்துவைக்கும் கொழுப்புதான் ஊர் திரும்பும் வழிச்செலவு. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. ஐம்பதடி தள்ளி உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் அவை உங்களை மறந்துவிடும். அப்போதுதான் அந்த வெள்ளைப் பிறைகளை நன்றாகப் பார்க்க முடியும்.

அந்தப் பெரியவரை அடுத்த ஆண்டும் சந்தித்தேன். முழுத்தலையும் கறுத்த பறவை ஒன்று எங்களைக் கடந்து, கரகரத்த ஆழ்ந்த குரல் கொடுத்தபடி வடக்கே போனது. அவர் கையை நெற்றிக்கு வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாடைக்காற்று ஓயப்போகிறது” என்று சொல்லிவிட்டு வலையை மடிக்கக் குனிந்தார்.

வணக்கம்.