சுப்பர்மார்க்கெற் வேலைக்கு ஆருக்கும் காசு கட்டாதேங்கோ! கிளிநொச்சியில வேலை எடுக்கிறதும், எடுத்த வேலையில மேல வாறதும்

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமா இருக்கிறீங்களோ? இண்டைக்குப் பயத்தங்கொடிப் பந்தல் காட்டுறன் எண்டு போன வீடியோவில சொன்னனான். அது அடுத்த கிழமை கட்டாயம் வரும். இண்டைக்கு எனக்கு லீவு நாள், ஆனா மனசு அதில இல்லை. சரியான கோவத்தில இருக்கிறன்.

வட்ஸ்அப் குறூப்புகளில ஒரு அறிவித்தல் சுத்துது, உங்களுக்கும் வந்திருக்கும். "பிரபல சுப்பர்மார்க்கெற்றுக்கு ஆண், பெண் உடனடித் தேவை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, பதிவுக் கட்டணம் 3,500, சீருடைக்கு 2,000." கீழ ஒரு போன் நம்பர், ஒரு வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கு கம்பனிப் பேரிலயும் இல்லை, ஒரு தனி ஆளின்ட பேரில! விசுவமடுவில எங்கட பெரியம்மாவின்ட பேத்தி, என்னைச் சித்தி எண்டு கூப்பிடுற பிள்ளை, ஏ.எல் முடிச்சிட்டு வீட்டில நிக்கிறா. அவ 5,500 ரூபாயைக் கட்டிப்போட்டா. தாய் சீட்டுக் காசில இருந்து எடுத்துக் குடுத்தவ. கட்டி அடுத்த கிழமை போன் வேலை செய்யேல்லை. எனக்கு இதைக் கேட்டோண்ண நெஞ்சு எரிஞ்சது.

பழைய ஆக்களுக்குத் தெரியும், நான் இப்பவும் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெற்றிலதான் நிக்கிறன், மரக்கறி பழப் பகுதி என்ர பொறுப்பு. எந்தக் கடையெண்டு வீடியோவில சொல்லமாட்டன், அதையும் கன தரம் சொல்லிட்டன். அந்த அனுபவத்தில ஒரு விசயத்தை அடிச்சுச் சொல்லுறன். இந்த நாட்டில பெரிய சில்லறைக் கடைக் கம்பனியளில வேலைக்குச் சேர ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அவைக்குத்தான் ஆள் தேவை. கார்கில்ஸ், கீல்ஸ் எண்டு எதை எடுத்தாலும் அவையின்ட சொந்த இணையத்தளத்தில வேலைவாய்ப்புக்கெண்டு ஒரு பக்கம் இருக்குது. அதை விடச் சுகமான வழி, கிட்ட இருக்கிற கிளைக்கு நேர போறது. வாசல் கண்ணாடியில "ஆட்கள் தேவை" எண்டு ஒட்டியிருந்தா நல்லம், ஒட்டாட்டியும் உள்ள போய் மனேஜரைக் கேளுங்கோ. காலமை கடை திறந்து லொறி இறக்கிற நேரத்தில போகாதேங்கோ, பின்னேரம் ஆறு மணிக்குச் சனம் முட்டுற நேரமும் வேண்டாம். மத்தியானம் ரெண்டு, ரெண்டரை. அப்பதான் மனேஜர் முகம் பார்த்துக் கதைப்பார்.

இன்னுமொரு வழி பிரதேச செயலகம். கரைச்சியோ, கண்டாவளையோ, உங்கட செயலகம் எதுவோ அங்க மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின்ட உத்தியோகத்தர் இருப்பார். பேரைப் பதிஞ்சு வைக்கலாம், தொழிற்சந்தை வைக்கேக்கை கூப்பிடுவினம். அதுக்கும் காசில்லை.

சரி, பிள்ளையை அழவிட்டுட்டு இருக்கேலாதுதானே. நானே வரச்சொல்லி, ரவுணில இருக்கிற ஒரு கிளையில இன்ரவியூவுக்கு ஒழுங்கு செய்து விட்டன். எங்கட கிளை இல்லை, சொந்தக்காரர் ஒரே இடத்தில நிக்கிறது எனக்கு விருப்பமில்லை. அங்க போறதுக்கு முதல் வந்தது சப்பாத்துப் பிரச்சினை. சேட்டு, தொப்பி எல்லாம் கம்பனி தரும், கறுப்புச் சப்பாத்து நாங்கள்தான் வாங்கோணும். முதல் கடையில 5,800. பார்க்க வடிவு, அடி பலகை மாதிரி. நான் பெருவிரலால அமத்திப் பார்த்தன், அசையேல்லை. எட்டு மணித்தியாலம் ரைல்ஸ் நிலத்தில நிக்கிற ஆளுக்கு அது ஆகாது. ரெண்டாவது கடையில 4,200, அடி மெத்து, ஆனா 37 சைஸ்தான் இருக்கு எண்டார் முதலாளி. பிள்ளைக்கு 37 சரியா வருது, வாங்குவம் எண்டு நிக்கிறா. நான் விடேல்லை. பின்னேரத்தில கால் வீங்கும் பிள்ளையள், ஒரு சைஸ் கூடத்தான் எடுக்கோணும், இதை ஆரும் உங்களுக்குச் சொல்லித்தரமாட்டினம். சந்தைக்கு அங்கால பெட்டிக்கடை ஒண்டில 2,400க்கு இருந்தது, குதியில தையல் வெளியால நிக்குது, தேச்சுப் புண்ணாக்கிப் போடும். திரும்ப ரெண்டாவது கடைக்கே வந்து, "அண்ணை, உள்ளுக்க 38 இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" எண்டு நிண்டன். மேல் தட்டில பெட்டி இருந்தது! விலையும் கதைச்சு 3,600க்கு இறக்கி, ஒரு சோடி சொக்ஸும் வாங்கிப்போட்டுத்தான் வெளிய வந்தன். இந்தாங்கோ, படம் போடுறன், அடியைப் பாருங்கோ. வளைச்சாலும் வெடிக்காது.

இன்ரவியூவில என்ன கேட்டவை எண்டு கொமென்ற்றில கேப்பீங்கள். படிப்புச் சான்றிதழைப் பார்த்தவை, பிறகு ஒரு கேள்வி: "தட்டில இருக்கிற விலைத் துண்டில 320 எண்டு கிடக்கு, கவுண்டரில 350 அடிக்குது, வாடிக்கையாளர் சத்தம் போடுறார், என்ன செய்வீங்கள்?" பிள்ளை என்னட்டை நெடுகக் கதை கேக்கிறதால சொல்லிப்போட்டா. ஆளோட வாதாடக் கூடாது, மன்னிப்புக் கேட்டு, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுத் துண்டில இருக்கிற விலைக்குக் குடுத்து, பிழையான துண்டை உடன கழட்டோணும் எண்டு. கடைசியாச் சொன்னதுதான் அவைக்குப் பிடிச்சிருக்குது. துண்டைக் கழட்டாட்டி அடுத்த ஆளும் அதே சண்டைக்கு வருவார். வாற திங்கள் தொடங்குறா. எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு சொல்லேலாது.

ஓ, பொறுங்கோ, பத்திரங்கள் சொல்ல மறந்திட்டன். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஓ.எல், ஏ.எல் பெறுபேறு, விதானையாரின்ட, அதுதான் கிராம அலுவலரின்ட நற்சான்று. எங்கட பக்கத்தில 2008, 2009 சண்டை இடம்பெயர்வுக்குள்ள பிறந்த பிள்ளையள்தான் இப்ப வேலைக்கு வருகினம். பிறப்புப் பதிவு பிந்தினது, பேரில ஒரு எழுத்துப் பிழைச்சது, எல்லாம் இருக்கும். வேலை கிடைச்ச பிறகு ஓடாமல் இப்பவே செயலகத்தில திருத்துங்கோ. அடையாள அட்டையில இருக்கிற பேரும் ஊழியர் சேமலாப நிதியில, அதுதான் ஈ.பி.எவ்வில, பதியிற பேரும் ஒண்டா இருக்கோணும். இல்லாட்டிக் காசு எடுக்கிற வயசில அலைய வேண்டி வரும்.

சேமலாப நிதி எண்டோண்ண நிறையப் பேர் "சம்பளத்தில வெட்டுறாங்கள்" எண்டு முகம் சுழிப்பினம். அந்த எண்ணத்தை மாத்துங்கோ. உங்கட சம்பளத்தில 8 வீதம் போகும், முதலாளி 12 வீதம் போடோணும். அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் தனியப் போடோணும், அது உங்களிட்ட வெட்டக் கூடாது. 2026 தை மாதத்தில இருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்த 30,000க்குக் கணக்குப் பாருங்கோ: உங்கட 2,400, அவையின்ட 3,600, நம்பிக்கை நிதிக்கு 900. மாசம் 6,900 ரூபா உங்கட பேரில ஏறுது, அதில 4,500 உங்கட சம்பளத்தில தொடாத காசு. ரவுணில சின்னக் கடையளில கையில 32,000 குடுத்துட்டு நிதியும் இல்லை, கடிதமும் இல்லை எண்டு வைச்சிருக்கினம். ரெண்டாயிரம் கூட எண்டு அங்க போகாதேங்கோ, தயவு செய்து.

கடிதம் முக்கியம். கடை, காரியாலய ஊழியர் சட்டம் எண்டு 1954இல வந்த சட்டம் இருக்குது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45. அதுக்கு மேல நிண்டா ஓ.ரி., ஒண்டரை மடங்கு. கிழமைக்கு ஒண்டரை நாள் லீவு. நியமனக் கடிதமும் அந்தச் சட்டப்படி தரவேண்டியதுதான். நான் முந்தி நிண்ட ஒரு இடத்தில கவுண்டரில காசு குறைஞ்சா எங்கட சம்பளத்தில வெட்டுவினம், ஆர் பொறுப்பு எண்டு விசாரிக்கிறதில்லை. ஒரே கவுண்டரில மூண்டு பேரை மாத்தி மாத்தி இருத்திப்போட்டு மூண்டு பேருக்கும் வெட்டினவை! இப்பவும் அதை நினைச்சா எரிச்சல் வரும். அதால கவுண்டரில இருக்கிற பிள்ளையள் கேளுங்கோ, உங்கட பேரில திறந்த லாச்சியில வேற ஆள் கை வைக்கக் கூடாது. தண்ணி குடிக்க எழும்பினாலும் பூட்டிப்போட்டு எழும்புங்கோ.

அடுத்தது மேல வாறது. எல்லாருக்கும் கவுண்டரில இருக்கத்தான் ஆசை, ஏசிக்குள்ள கதிரையில இருக்கலாம் எண்டு. நான் அதுக்கு எதிர். மேல வரோணும் எண்டா மரக்கறிப் பகுதியோ, பால் குளிர்பெட்டிப் பகுதியோ கேட்டு வாங்குங்கோ. ஒரு கிளை மனேஜரை மேலிடம் பார்க்கிறது ரெண்டு கணக்கில: எவ்வளவு வித்தது, எவ்வளவு வீணாப் போனது. வீணாப் போற கணக்கு கூட எங்கட பகுதியிலதான். தயிர்ச் சட்டியளை எடுங்கோ. புதுசா வந்ததைக் கையுக்குச் சுகமா முன்னுக்கு அடுக்கினா, பின்னுக்கு இருக்கிறது திகதி முடிஞ்சு போகும். ஒவ்வொரு நாளும் எல்லாத்தையும் வெளிய எடுத்து, மூடியில இருக்கிற திகதி பார்த்து, கிட்ட முடியிறதை முன்னுக்கு வைக்கோணும். கை விறைக்கும். ஆனா ரெண்டு மாசம் இதை ஒழுங்காச் செய்தா, எந்தச் சாமான் எந்த நாளில எத்தினை போகும், எவ்வளவுக்கு ஓடர் போடோணும் எண்டு உங்களுக்கு மனசில நிக்கும். அந்த அறிவுக்குத்தான் பதவி உயர்வு. பதவிப் பேர் கடைக்குக் கடை மாறும், போற வழி ஒண்டுதான்: உதவியாளர், பகுதிப் பொறுப்பு, மேற்பார்வையாளர், உதவி மனேஜர், மனேஜர். என்னோட கீரைக் கட்டுக்குத் தண்ணி தெளிச்சுக்கொண்டு நிண்ட புளியங்குளத்துப் பிள்ளை இப்ப வவுனியாவில உதவி மனேஜர்.

அவ மேல போனதுக்கு ரெண்டு காரணம். ஒண்டு, இடமாற்றத்துக்கு ஓமெண்டது. மற்றது சிங்களம். தலைமை அலுவலகம் கொழும்பு, போனில வாற பெரியவையில கனபேர் சிங்களத்திலதான் கதைப்பினம், கணினியில எல்லாம் ஆங்கிலம். எங்கட பிள்ளையள் வேலையில கெட்டிக்காரர், ஆனா அந்த ஒரு போன் வந்தா ஒதுங்கி நிப்பினம். அதால எத்தினை பேர் அதே இடத்தில நிக்கினம். லொறி ஓட்டி வாற அண்ணைமாரோட கதைச்சே பழகலாம், அவ அப்பிடித்தான் பழகினவ.

"சுப்பர்மார்க்கெற்றிலயோ வேலை?" எண்டு இளக்காரமாக் கேக்கிற சொந்தக்காரருக்கும் ஒரு பதில் இருக்குது. வன்னியில முந்தி பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊருக்கு ஊர் கிளை இருந்தது, அதைத்தான் சங்கக்கடை எண்டுறது. சங்கக்கடை மனேஜர் சைக்கிளில போனா சனம் மரியாதையா விலத்தி நிண்டது. சண்டையால பாதை பூட்டிக்கிடந்த காலத்தில அரிசி, மா, சீனி எல்லாம் அந்தக் கையாலதான் எங்களுக்கு வந்தது. சனத்துக்குச் சாமான் குடுக்கிற அதே வேலைதான் சுப்பர்மார்க்கெற்றும்: கார்கில்ஸ் 1844இல தொடங்கின வியாபாரம், 1983இல கொழும்பில தங்கட முதல் ஃபுட் சிற்றி சுப்பர்மார்க்கெற்றைத் திறந்தது. சங்கக்கடை மனேஜருக்கு ஒரு மரியாதை எண்டா, இந்தப் பிள்ளையளுக்கும் அதே மரியாதை குடுக்கோணும்.

பெற்றோருக்கு உண்மையான கவலை இரவுதான், அது எனக்கு விளங்குது. இரவு முறை முடியேக்கை அக்கராயனுக்கோ மல்லாவிக்கோ பஸ் கிடையாது. சேரேக்கையே கேளுங்கோ: இரவு வாகனம் விடுவினமோ, இல்லாட்டிக் காலமை முறை தருவினமோ எண்டு. வாயால சொன்னதை நம்பாமல் எழுத்தில வாங்குங்கோ. கலியாணம் முடிஞ்சோண்ண வேலையை விடுற பழக்கமும் வேண்டாம். பிரசவ லீவு 84 நாள் சட்டத்தில இருக்குது, சம்பளத்தோட. விட்டுட்டு நிதிக் காசை எடுத்துத் தாலிக்கொடிக்குப் போட்ட பிள்ளையள் எனக்குத் தெரியும். திரும்பி வரேக்கை தங்களுக்குப் பிறகு சேர்ந்த ஆக்களுக்குக் கீழதான் நிக்கினம்.

ஆ, சம்பளத் துண்டு! மாசாமாசம் தாற அந்தத் துண்டை எறியாதேங்கோ, ஒரு பைலில போட்டு வையுங்கோ. நிதிக் கணக்கில காசு விழேல்லை எண்டா தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோக அதுதான் சாட்சி.

அந்தக் காசு வாங்கின ஆளின்ட அறிவித்தல் உங்களுக்கும் வந்திருந்தா ஸ்கிரீன்சொட் எடுத்து எனக்கு அனுப்புங்கோ. நாங்கள் பொலிசில முறைப்பாடு குடுத்திருக்கிறம், சேர்த்துக் குடுத்தா இன்னும் நல்லம். நாளைக்குக் காலமை எனக்கு மரக்கறி லொறி, நேரத்தோட படுக்கோணும். பயத்தங்கொடி வீடியோவில சந்திப்பம்.