தனுஷ்கோடி வெயிலும் கேமராவுக்குள் இருக்கும் அந்த ஒரு பக்கமும்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துச் சுவர் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். மணி ஒன்பதுதான், அதற்குள் மணல் கண்ணைக் கூசுகிறது.

இன்றைக்குப் புதுக் கேமராவைப் பற்றியோ லென்ஸைப் பற்றியோ பேசப்போவதில்லை. மெனுவில் ஒரு பக்கம் இருக்கிறதே, கேனானில் பிக்சர் ஸ்டைல், நிக்கானில் பிக்சர் கன்ட்ரோல், ஃபுஜியில் ஃபிலிம் சிமுலேஷன் என்று பெயர், படத்தின் நிறமும் கான்ட்ராஸ்ட்டும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற பக்கம், அதைப் பற்றித்தான். வாங்கிய அன்று ஒருமுறை திறந்து "விவிட்" வைத்து, கலர் பளிச்சென்று இருக்கிறதே என்று அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன், அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பாம்பனில் என் மச்சான் புதுசாக ஒரு வத்தை வாங்கினார். கடலில் இறக்குகிற நாள், ஃபாதர் வந்து ஜெபம் பண்ணினார், மாலை போட்டார்கள், அக்கா சிவப்புப் பட்டுப்புடவையில் நிற்கிறாள், படகின் பக்கவாட்டும் அதே சிவப்பு. கேமராவே முடித்துக் கொடுக்கிற வெறும் ஜேபெக்கில், விவிடில், கான்ட்ராஸ்ட்டையும் ஒரு புள்ளி ஏற்றி வைத்து முந்நூறு படம் எடுத்தேன். ஸ்கிரீனில் பார்த்தபோது எல்லாம் அருமையாக இருந்தது. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் புடவையில் மடிப்பே இல்லை, தகடு மாதிரி ஒரே சிவப்பு. படகிலும் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற கோடு காணாமல் போயிருந்தது. அந்த நாள் திரும்ப வராது இல்லையா, அதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

ஏன் அப்படி ஆனது? ராவ் என்பது சென்சார் பதிந்ததைச் சமைக்காமல் வைத்திருக்கிற ஃபைல். 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் வரை பதிவாகும். ஜேபெக் 8 பிட், அதில் 256 படிதான், 0 முதல் 255 வரை. கேமராவே சுருக்கி, நிறத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றி, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. விவிட் சிவப்பை மட்டும் தள்ளிக்கொண்டே போய் 255-இல் முட்டவைக்கும். முட்டிய இடத்தில் மடிப்பு, நிழல், கோடு எதுவும் மிஞ்சாது. வெள்ளையாக ஒரே ஒரு ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டு இடது பக்கமும் வெளிச்சம் வலது பக்கமுமாக வரைபடம், காட்டுகிறதே, அதில் இது தெரியாமல் போகலாம், ஏனென்றால் பச்சையும் நீலமும் அப்போது பத்திரமாகத்தான் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டுகிற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை வைத்து, சிவப்புக் கோடு வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள்.

"நான் ராவில்தான் எடுக்கிறேன், எனக்கு எதற்கு இது" என்று நினைக்கிறவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். ராவில் எடுத்தாலும் பின்பக்கம் நீங்கள் பார்க்கிற படமும் ஹிஸ்டோகிராமும் மினுக்கிக் காட்டுகிற ஹைலைட் எச்சரிக்கையும் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்துதான் வருகின்றன. விவிட் இருந்தால் மணல் வெளுத்துப்போகாமலே வெளுத்துவிட்டதாகக் கேமரா பயமுறுத்தும், நீங்கள் எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடுகிற வெளிச்சத்தை, குறைப்பீர்கள், கடைசியில் துண்டு கட்டி நிற்கிற அண்ணனின் முகம் இருட்டாகி, அதைக் கம்ப்யூட்டரில் தூக்கினால் பொரிப்பொரியாக நாய்ஸ் வரும்.

அதனால் இந்தக் கரையில் என் செட்டிங் இதுதான்: நியூட்ரல், கான்ட்ராஸ்ட் இரண்டு புள்ளி கீழே, சாச்சுரேஷன் ஒரு புள்ளி கீழே. ஸ்கிரீனில் படம் சப்பென்றுதான் இருக்கும். இருக்கட்டும். நிறத்தை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம், அழிந்ததை மீட்க முடியாது.

நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், சோனியில் டிஆர்ஓ. மூன்றுமே இருட்டான இடத்தைத் தூக்கிக் காட்டுகிற வேலைதான். ஆனால் நிக்கானில் அதைக் கூட்டி வைத்தால், ஆட்டோ எக்ஸ்போஷரில் வெளிச்சத்தையே கொஞ்சம் குறைத்து எடுக்கும், அது ராவிலும் பதிந்துவிடும். உச்சி வெயிலில் ஏலக் கரையில் முகங்களை எடுக்கும்போது லோவில் வைப்பேன். விடியற்காலையில் ஆஃப், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும், அதுதான் அந்த நேரத்தின் அழகு.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டுகிற செட்டிங். ஆட்டோவில் விட்டால் சூரியன் எழும்போது இருக்கிற மஞ்சளைக் கேமரா பழுது என்று நினைத்துத் துடைத்துவிடும். டேலைட்டில் பூட்டுங்கள், ஏறக்குறைய 5,200 கெல்வின். ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமும் பெண்கடல் (வங்கக் கடல்) பக்கமும் தண்ணீர் வேறு வேறு நிறத்தில் கிடக்கிறதே, அந்த வித்தியாசம் படத்துக்குப் படம் மாறாமல் நிற்க வேண்டுமென்றாலும் இதுதான் வழி.

ஷார்ப்னஸுக்கு என் பின்னால் இருக்கிற சுவரையே பாருங்கள். பவளப்பாறைக் கல்லில் கட்டியது, 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கிறது. கல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. ஷார்ப்னஸை ஏற்றினால் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும், வானத்தை ஒட்டிய விளிம்பிலும் வெள்ளைக் கோடு விழும், கல் கல்லாகத் தெரியாது. நடுவிலோ அதற்குக் கீழேயோ வையுங்கள். இன்னொன்று, இங்கே படம் மங்கலாக இருந்தால் முதலில் லென்ஸைப் பாருங்கள், அரை மணி நேரத்தில் உப்பு படிந்துவிடும். கிளாரிட்டியை எவ்வளவு ஏற்றினாலும் அது போகாது. ஊதித் தட்டிவிட்டு, ஈரத் துணியால் துடைக்க வேண்டும், காய்ந்த உப்பைத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

சரி, கரையில் படம் எடுத்தால் அண்ணன்மார் உடனே கேட்பார்கள், "தம்பி, இப்பவே போனுக்கு அனுப்பு." கேட்கத்தானே செய்வார்கள், அவர்கள் படம் அது. அதற்காக ஜேபெக்குக்கு மாற வேண்டாம். பல கேமராக்களில் ராவைக் கேமராவுக்குள்ளேயே ஜேபெக்காக மாற்றும் வசதி இருக்கிறது. பிளேபேக்கில் படத்தைத் திறந்து, அதற்கு மட்டும் ஸ்டாண்டர்ட் கொடுத்து, வெளிச்சத்தை அரை ஸ்டாப் ஏற்றி, ஒயிட் பேலன்ஸைச் சரிபார்த்துச் சேமித்தால் தனி ஜேபெக் வந்துவிடும், ராவ் அப்படியே இருக்கும். வைஃபையில் போனுக்கு ஏற்றி அங்கேயே கொடுத்துவிடலாம்.

அங்கே நாட்டுப்படகு ஒன்று கரைக்கு வருகிறது, பாதிக்கு மேல் சிவப்பு பெயின்ட். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஸ்கிரீனில் வைத்தே எடுக்கிறேன், கூடவே வந்து பாருங்கள்.