தவறினேன் என்பவர் ஒளிவதில்லை

நடுவர் அவர்களே, வணக்கம். ‘தவறு என்னும் வினை பொறுப்பை ஏற்கிறதா, நழுவுகிறதா?’ என்பது தலைப்பு. ஏற்கிறது என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, ‘தவறு நடந்துவிட்டது’, ‘தவறு ஏற்பட்டுவிட்டது’ என்று அறிக்கைகளில் வருவதை எல்லாம் அடுக்கி, செய்தவர் யாரென்றே தெரியவில்லையே என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அம்மா, அந்தத் தொடர்களில் வினை எது? நடந்தது, ஏற்பட்டது. தவறு அங்கே வெறும் பெயர்ச்சொல். குற்றத்தை ‘நடந்தது’ செய்ய, கூண்டில் ‘தவறு’ நிற்கிறது!

அதையே வினையாக்கிப் பாருங்கள். ‘வாக்குத் தவறினேன்.’ கடைசியில் நிற்கும் ‘ஏன்’ விகுதி ஆளைக் காட்டுகிறது. எதில் சறுக்கினார் என்பதை ‘வாக்கு’ காட்டுகிறது. கடமை தவறினான், நெறி தவறினாள் எல்லாம் அப்படித்தான். ‘தவறு செய்தேன்’ என்பதில் ஆள் உண்டு, சரி. என்ன தவறு? அதைச் சொல்லவேண்டிய கட்டாயமே இல்லை. மன்னிப்பு அறிக்கை எழுதுபவர்களுக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனது சும்மா இல்லை.

‘கை தவறி விழுந்துவிட்டது’ என்கிறோமே, பழி கைமேல் போகிறதே என்றார் அதே தோழி. போகட்டுமே! கண்ணாடிக் குவளை நழுவியதற்கு எவரும் தலைகுனிய வேண்டாம். அங்கே தவறியது கை. ‘வாக்குத் தவறி’ என்னும்போது தவறியது ஆள். எழுவாயை மாற்றியே விபத்தையும் மீறலையும் பிரித்துவிடுகிறது இந்த வினை. (‘பெரியவர் தவறிவிட்டார்’ என்பதை எதிரணி இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் இப்போதே பதில்: அது சாவை நல்ல சொல்லால் சொல்லும் வழக்கு, இலக்கணம் அதை ‘மங்கலம்’ என்று வகுத்திருக்கிறது, அங்கே பழிக்கே இடமில்லை.)

தவறுக்கு உடன்பிறப்பான ‘பிழை’யைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் பாருங்கள். ‘மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதல் பிழைத்தது’ என்கிறான் பாண்டியன். பிழைத்தது என்றால் இங்கே தவறியது. பிழைத்தேன் என்று சொல்லாமல் காவல் பிழைத்தது என்கிறானே, இதுவும் நழுவல்தானே என்று கேட்கத் தோன்றும். ‘என்முதல்’ என்ற சொல்லைத் தாண்டிப் போனால்தான் அப்படிக் கேட்க முடியும். எது பிழைத்தது? காவல். யாரிடமிருந்து? என்னிடமிருந்து. இத்தனைக்கும் பழிபோட அவனுக்கு ஆள் இருந்தான். பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுத்தான் தீர்ப்பு வந்தது. அந்தக் கொல்லனையும் ‘அவன் சொல் கேட்ட நானா அரசன்?’ என்று தன்னைக் குத்திக்கொள்ளத்தான் இழுக்கிறான். ‘யானே கள்வன்’ என்றும் சேர்க்கிறான். ‘விசாரணையில் பிழை ஏற்பட்டுவிட்டது’ என்று அவன் சொல்லியிருந்தால் அந்தக் காட்சி நிற்குமா?

அடுத்து எழும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அறிக்கைகளை விடுங்கள். ‘கடமை தவறினேன்’ என்ற இரண்டே சொல்லில் பேசுபவர் எங்கே ஒளிந்திருக்கிறார்? காட்டுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.