சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குத் தேக்குப் பூஜை அலமாரி: அளவெடுப்பு முதல் பூச்சு காய்வது வரை

[திரையில்: அலமாரியின் வரைபடம். அகலம் 750, ஆழம் 400, உயரம் 1500 மி.மீ. மேல் பாதி, கீழ் பாதி தனித்தனி நிறத்தில்]

வணக்கம். பூஜை அலமாரி செய்து கொடுத்த வீட்டிலிருந்து சில மாதம் கழித்துப் புகார் வந்தால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஏர்கான் ஓடும் அறையில் பலகை சுருங்கி விரிசல் விட்டிருக்கும். இல்லையென்றால் விளக்குக்கு நேர் மேலே மரம் கருத்திருக்கும். செதுக்கு வேலை சரியில்லை என்று யாரும் பிறகு கூப்பிடுவதில்லை. அதைப் பட்டறையிலேயே பார்த்துத் திருப்தியான பிறகுதானே மீதிப் பணத்தைக் கொடுக்கிறார்கள்! அதனால் இந்த வீடியோவில் செதுக்கு வேலைக்கு இடமில்லை. ஈரம், விளக்கு, பூச்சு, பிறகு வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டியவை. அவ்வளவுதான்.

முதலில் வீட்டுக்குப் போய் அளவெடுப்போம்.

சுவரை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாமி படங்களை எல்லாம் கீழே இறக்கி, சட்டத்தோடு சேர்த்து அகலம், உயரம், கனம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய படம் 400 மி.மீ. உயரம் என்றால், அதற்கு மாலை போட மேலே 80 மி.மீ. இடமாவது வேண்டும். குத்துவிளக்கைத் தராசில் வைத்து எடை பாருங்கள். சிலர் மனையடிக் கணக்குப்படி அகலம் கேட்பார்கள். 10, 20 மி.மீ. கூட்டிக் குறைப்பது வரைபடத்தில் ஒரு நிமிட வேலை. மரம் அறுத்த பிறகு முடியாது. எனவே முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வழி. மின்தூக்கிக் கதவின் அகலம், உள்ளே மூலைக்கு மூலை நீளம், தாழ்வாரத் திருப்பம், வீட்டு வாசல் இரும்புக் கதவு முழுதாகத் திறக்கிறதா என்பது வரை அளவெடுங்கள். மேல், கீழ் என்று இரண்டு பாகமாகச் செய்தால் இந்தக் கவலை பாதி தீர்ந்தது. வீட்டில் பொருத்தும்போது நான்கு போல்ட்டில் இணைத்துவிடலாம்.

அலமாரி எந்தச் சுவரில் சாய்கிறது என்பதும் முக்கியம். பாம்ப் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே கட்டிய பாதுகாப்பு அறையின் சுவர் என்றால், குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளைப் பார்க்காமல் துளை போடக்கூடாது. சாதாரணத் தடுப்புச் சுவர் என்றால் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாக இருந்தால் அதற்கேற்ற பிளக் வேண்டும். இவ்வளவு உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் விட்டுவிட்டு வருவது தவறு. ஏன் என்று விளக்குத் தட்டு பற்றிப் பேசும்போது புரியும்.

[திரையில்: ஈரமானி முனைகள் பலகையில் இறங்குகின்றன, எண் 15.5]

இப்போது ஈரம். இந்த வீடியோவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். சுங்கை காடுட், காக்கி புக்கிட் போன்ற தொழிற்பேட்டைகளில், கதவு திறந்து கிடக்கும் பட்டறையில் அடுக்கி வைத்த பலகை நாளடைவில் 15, 16 விழுக்காடு ஈரத்தில் நிலைகொள்ளும். அதே பலகை நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் 10, 11 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஜன்னல் திறந்திருக்கும் கூடம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆகவே “எந்த அறை, ஏர்கான் எவ்வளவு நேரம்?” என்ற கேள்வியை வாடிக்கையாளரிடம் கேட்காமல் மரம் வாங்கக் கூடாது.

சுருக்கத்தைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். பலகையின் அகலத்தை ஈர மாற்றத்தால் பெருக்கி, அதை மரத்துக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். தட்டை வாக்கில் அறுத்த (flat-sawn) தேக்குக்கு அந்த எண் 0.00186. வெள்ளை ஓக்குக்கு 0.00365. 400 மி.மீ. அகலப் பலகையில் ஈரம் 4 விழுக்காடு இறங்கினால், தேக்கு 3 மி.மீ. சுருங்கும், ஓக் 5.8 மி.மீ. சுருங்கும். ஓக் கேட்கும் வாடிக்கையாளருக்கு இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு அல்ல. ஓக்குக்கு இடைவெளி அதிகம் விட வேண்டியிருக்கும், அது கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக.

நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட அசையவே அசையாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 400 மி.மீ. அகலப் பக்கப் பலகையின் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, ஐந்து திருகாணி போட்டுப் பசையும் தடவினால் என்ன ஆகும்? பலகை 3 மி.மீ. சுருங்கப் பார்க்கும். கட்டை விடாது. பலகை நடுவில் பிளக்கும். இழுப்பறை ஓடும் தண்டவாளமான ரன்னரை முன்னும் பின்னும் இறுக்கித் திருகினாலும் இதே கதைதான். ரன்னரில் நீளத் துளை இருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

அதனால் பக்கச் சுவரையும் கதவையும் ஒற்றைப் பலகையில் செய்யாமல், சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்கிறோம்.

[திரையில்: சட்டத்தின் குறுக்குவெட்டு, காடிக்குள் பலகையின் விளிம்பு]

சட்டம் 60 மி.மீ. அகலம், 22 மி.மீ. கனம். உள் ஓரத்தில் 7 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்தில் காடி, அதாவது பலகையின் விளிம்பு உட்காரும் பள்ளம். மூலைகளில் துளை போட்டு நாக்கு செருகும் இணைப்பு, நாக்கு 7 மி.மீ. கனம், 35 மி.மீ. நீளம். சட்டத்துக்கு இடையே 280 மி.மீ. என்றால், இரண்டு காடியையும் சேர்த்து 300 வரும். நடுப்பலகையை 294க்கு அறுங்கள். பக்கத்துக்கு 3 மி.மீ. மூச்சு விட இடம் இருக்கும். சூளையில் காய்ந்து 8 விழுக்காட்டில் வந்த பலகை பட்டறையிலேயே 16க்கு ஏறினால், சுமார் 4.5 மி.மீ. வீங்கும். அதுவும் இந்த 6 மி.மீ.க்குள் அடங்கிவிடும். நடுப்பலகைக்குப் பசை கிடையாது. மேலும் கீழும் நடு மையத்தில் ஒரு சிறிய ஆணி போதும், பலகை இரண்டு பக்கமும் சமமாக நகரும்.

ஒரு சின்ன விஷயம், பலர் விட்டுவிடுவது. நடுப்பலகைக்கு முதல் பூச்சு கொடுத்த பிறகுதான் சட்டத்துக்குள் போட வேண்டும். கடைசியில் மொத்தமாகப் பூசினால், பலகை சுருங்கும் நாளில் காடி ஓரத்தில் பூச்சு படாத வெளிறிய கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். இதை மட்டும் பிறகு சரிசெய்வது பெரிய தலைவலி.

கதவுக்கு இந்த முறையின் லாபம் தெளிவாகத் தெரியும். நடுப்பலகை எவ்வளவு அசைந்தாலும் கதவின் அகலத்தை மாற்றாது. மாறுவது நெடுஞ்சட்டம், அதாவது செங்குத்தாக நிற்கும் சட்டம் மட்டும். இரட்டைக் கதவில் மொத்தம் நான்கு நெடுஞ்சட்டம், ஆக 240 மி.மீ. மரம். 4 விழுக்காட்டுக்கு 1.8 மி.மீ. சுருக்கம். மழைக்காலத்தில் பட்டறையில் பொருத்துகிறீர்கள் என்றால் கதவு இடுக்கை 2 மி.மீ.க்கு வைத்தால் போதும், வீட்டில் அது அகலமாகத்தான் போகும்.

கதவு மணிகளை நடுப்பலகையில் தொங்கவிடாதீர்கள். பலகை தளர்வாக நிற்பது, கதவைத் திறந்தாலே கடகடக்கும். குறுக்குச் சட்டத்தில் பித்தளைக் கொக்கி போடுங்கள். மணி ஒன்று 60 கிராம் என்றால், கதவுக்கு 12 மணியில் 720 கிராம் கூடுகிறது. இரண்டு கீல் போதாது, மூன்று வையுங்கள். பித்தளைத் திருகாணி தேக்கில் எளிதில் முறியும். முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியைப் போட்டுக் கழற்றி, துளைக்கு வழி செய்துவிட்டு, மெழுகு தடவிப் பித்தளையை ஏற்றுங்கள். அந்த இரும்பை உள்ளேயே விட்டுவிட வேண்டாம். ஈரம் பட்டால் சுற்றிலும் கறுப்பாகக் கறை இறங்கும்.

மேல்பலகை 420 மி.மீ. அகலம். முன்பக்கம் இறுக்கமாகத் திருகுங்கள். பின்பக்கம் நீளத் துளையில் திருகுங்கள். சுருங்கினாலும் விரிந்தாலும் அசைவு சுவர்ப் பக்கம் போய்விடும், முன் விளிம்பு நின்ற இடத்தில் நிற்கும்.

பசை பற்றி. தேக்கில் இயற்கையான எண்ணெய் உண்டு. இழைத்துப் பல நாள் ஆன முகத்தில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள், துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை. டைட்பாண்ட் 3 போன்ற நீர்ப்பசை நம் வெப்பத்தில் வேகமாகத் தோல் கட்டும். எனவே எட்டு இணைப்பை ஒரே மூச்சில் ஒட்டப் பார்க்காதீர்கள். பக்கச் சட்டத்தை ஒரு தடவை, கதவை இன்னொரு தடவை. பசை இல்லாமல் முழுவதும் ஒருமுறை பூட்டிப் பார்த்த பிறகே பசை டப்பாவைத் திறக்க வேண்டும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும், என்95 முகக்கவசம் போடுங்கள். மரத்தில் உள்ள சிலிக்கா கத்தியை மழுக்கும், கார்பைடு பல் இல்லாத வாளோடு மல்லுக்கட்டாதீர்கள்.

[திரையில்: விளக்குத் தட்டு வெளியே வந்து ‘டக்’ என்று பூட்டிக்கொள்கிறது]

விளக்கு. அலமாரிக்குள்ளேயே விளக்கேற்ற இடம் கேட்டால், முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சுடருக்கு மேலே எழும் சூடான காற்று, தினமும் ஒரே இடத்தில் பட்டுப் பட்டு மரத்தை மெல்லக் கரியாக்கும். கண்ணாடியோ தகரமோ அடித்தால் புகைக்கறை மறையும், சூடு மறையாது. இதற்குச் சரியான வழி இழுப்புத் தட்டு. முழுதாக இழுத்தால் சுடர் மேல்கூரை விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். ரன்னர், திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். எரியும் விளக்கோடு தட்டு தானாக உள்ளே ஓடக்கூடாது. தட்டின் மேல் 1 மி.மீ. பித்தளை அல்லது எவர்சில்வர் தகடு, நான்கு ஓரமும் 10 மி.மீ. மடித்து, அடியில் 5 மி.மீ. காற்றிடைவெளியோடு. சிந்தும் எண்ணெய் மரத்தைத் தொடாது, தகட்டைத் தூக்கித் தேய்த்துக் கழுவலாம்.

எண்ணெய் நிறைந்த குத்துவிளக்கு வெளியே நீட்டிய தட்டில் நிற்கும்போது அலமாரி முழுவதும் முன்பக்கம் சாயப் பார்க்கும். சுவரோடு பிணைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

உள்ளே வெளிச்சத்துக்கு 24 வோல்ட் எல்இடி பட்டி போதும். பாதுகாப்புக் குறி உள்ள அடாப்டரைக் கீழ் அலமாரியில், பின்பலகையில் காற்றுத் துளை விட்டு வையுங்கள்.

இனி பூச்சு.

ஸ்பிரிட் பாலிஷ் அழகுதான், ஆனால் சூடும் ஸ்பிரிட் கலந்த வாசனைத் தண்ணீரும் படும் இடத்துக்கு ஆகாது. எங்கள் தேர்வு: வெளிப்புறத்துக்கு ஹார்ட்வாக்ஸ் எண்ணெய் (எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு), படிகளுக்கும் விளக்குத் தட்டைச் சுற்றியும் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன், மேட் ரகம். காரணம் குங்குமமும் மஞ்சளும். தேக்கின் துளைகள் பெரியவை, தூள் அதில் உட்கார்ந்தால் வெளியே வராது. படிகளுக்கு மட்டும் துளை நிரப்பும் ஃபில்லர் தேய்த்து, 220 எண் உப்புத்தாளில் தேய்த்து, மூன்று கோட் கொடுங்கள். கோட்டுகளுக்கு நடுவில் 320 தாள். எண்ணெய் பூசும் வெளிப்புறத்தை 180க்கு மேல் தேய்க்காதீர்கள், மரம் வழவழப்பாகிவிட்டால் எண்ணெய் குடிக்காது.

கலவை விகிதம் டப்பாவில் உள்ளபடி, தராசில் அல்லது அளவுக் குவளையில். கண்மதிப்பு வேண்டாம். கடினப்படுத்தும் பாகத்தில் உள்ள ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடும் வினைபுரியும், கரியமில வாயு வந்து பூச்சில் பொடிப்பொடிக் குமிழி நிற்கும். அதனால் மழை கொட்டும் நேரத்தில் தெளிக்காதீர்கள், டப்பா மூடியைத் திறந்தும் வைக்காதீர்கள். தெளிக்கும்போது சாதாரணத் தூசி முகக்கவசம் பயன்படாது. கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி உள்ள முகக்கவசம், காற்றோட்டம், இரண்டும் வேண்டும். ஐசோசயனேட் ஆஸ்துமா ஒருமுறை வந்தால் இந்தத் தொழிலையே விட வேண்டிவரும்.

சாதாரண லேக்கர் அடிப்பவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. அடித்த சில நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல் வெள்ளை பூக்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. டிசம்பர், ஜனவரி மழையில் இது அன்றாடம். காலையில் அடிக்காமல், ஈரம் இறங்கும் மதியத்துக்குத் தள்ளிப் போடுங்கள், அல்லது மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் சேருங்கள்.

[திரையில்: எண்ணெய்த் துணி தண்ணீர் வாளிக்குள்]

ஹார்ட்வாக்ஸ் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது எண்ணெய் தானே சூடேறும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள்.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஏழு நாள் விட்டுவிட்டு அனுப்புங்கள். கிரகப்பிரவேச நாள் நகராது, பூச்சும் அவசரத்துக்குக் காயாது. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டு வாரம் கையிருப்பு வைத்துத்தான் ஆர்டர் எடுக்க வேண்டும். ஆடியில் குடிபோவோர் குறைவு, தை மாதத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள்.

காகித வேலைக்கு வருவோம். முன்பணம் 40 விழுக்காடு, பட்டறையில் பார்த்த பிறகு 50, வீட்டில் பொருத்திய பிறகு 10 என்று பிரிப்பது இரு பக்கத்துக்கும் நியாயம். மேற்கோள் கடிதத்தில் மரத்தின் பெயர், ஒவ்வொரு பாகத்தின் கனம், பின்பலகை பிளைவுட்டா மரமா, எந்தப் பூச்சு என்று எழுதுங்கள். “முழுவதும் தேக்கு” என்று எழுதிவிட்டுப் பின்னால் பிளைவுட் போட்டால், சட்டப்படி நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டி ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால் 9 விழுக்காட்டைத் தனி வரியில் காட்டுங்கள். பதிவு செய்யாதவர்கள் அதை வசூலிக்கவே கூடாது.

பராமரிப்பு அட்டையையும் அதே கடிதத்தோடு கொடுங்கள். விளக்கு தட்டில் மட்டும், தட்டு முழுதாக வெளியே இருக்கும்போது மட்டும். பூத்தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். ஏர்கான் காற்று நேரடியாக அலமாரி மேல் அடிக்கக் கூடாது. நடுப்பலகை ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரிவது இயல்பு, சட்டத்தின் மூலை பிரிந்தால் மட்டும் கூப்பிடவும். இவற்றுக்குக் கீழே வாடிக்கையாளரின் கையெழுத்தை, முன்பணம் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.

பொருத்தும் நாளுக்குத் துளையிடும் வேலை இருந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணிக்குப் பிறகு, மாலை 5 மணிக்குள் முடியுங்கள். சனி, ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது.