செத்தது யார் வீட்டு ஆள்?

எல்லாருக்கும் வணக்கம்.

‘பல வருடம் ஓடும் துப்பறியும் தொடர்கள் ஏன் கெட்டுப்போகின்றன?’ என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவிட்டார்கள். கெட்டுப்போனதா இல்லையா என்று விசாரிக்கும் வேலையே எனக்கு இல்லை. குற்றவாளியைக் கூண்டில் நிறுத்தியாயிற்று, நோக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போ என்கிறார்கள். பரவாயில்லை. இந்த ரகத் தொடர்களைப் பார்க்கிற யாரைக் கேட்டாலும் வருகிற முதல் வாக்கியம் இதுதான்: “முன்ன மாதிரி இல்லைங்க.”

எது முன்ன மாதிரி இல்லை என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். பழைய ஹீரோ போய்விட்டார் என்பார் ஒருவர். சரக்குத் தீர்ந்துவிட்டது என்பார் இன்னொருவர். ஜவ்வு மாதிரி இழுக்கிறார்கள், கொலைகாரன் யார் என்று பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது, இப்படிப் பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இவை எல்லாம் காய்ச்சல், தலைவலி போன்ற அறிகுறிகள். நோய் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

ஒரே ஒரு தொடரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ‘சி.எஸ்.ஐ.’ லாஸ் வேகாஸ் நகரத்துத் தடயவியல் ஆட்கள், இரவு ஷிப்ட். 2000 அக்டோபரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கி, 15 சீசன் ஓடி, 2015 செப்டம்பரில் முடிந்தது. எபிசோட் கணக்கு முந்நூறைத் தாண்டும். 2002-03 பருவத்தில் அந்த நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் அதுதான்.

முதல் சீசனில் ஒரு கதை. மலைப்பக்கத்தில் போர்வை சுற்றிய ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. குழுத் தலைவர் கில் கிரிஸம் பூச்சியியல் தெரிந்தவர். உடலில் இருக்கிற புழுக்களின் வளர்ச்சியை வைத்து, செத்து எத்தனை நாள் என்று கணக்குப் போடுகிறார். கணக்கில் வந்த நாளும், சந்தேகத்துக்கு ஆளான கணவன் மாட்டவேண்டிய நாளும் ஒத்துவரவில்லை. இடையில் போர்வை இருந்ததே, ஈக்கள் உள்ளே புகத் தாமதம் ஆகியிருக்குமோ? மனிதர் ஒரு செத்த பன்றியை வாங்கிப் போர்வையில் சுற்றிப் போட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னணியில் துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. நமக்கு அவர் வீடு எங்கே என்று தெரியாது. செத்த பெண்ணும் அவருக்கு யாரோ, நமக்கும் யாரோ. ஆனாலும் நகம் கடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு அந்நியருக்காக ஒருத்தர் இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்ற ஒன்றே போதுமாக இருந்தது.

இப்போது அதே தொடரை வேகமாக ஓட்டிப் பார்ப்போம். ஐந்தாவது சீசன் முடிவில், குழுவில் ஒருவரான நிக்கை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து உயிரோடு புதைக்கிறார்கள். க்வென்டின் டரான்டினோ இயக்கிய இரண்டு மணி நேரக் கதை அது. ஆறாவது முடிவில் போலீஸ் கேப்டன் ப்ராஸ் சுடப்படுகிறார். ஏழாவது முடிவில் குழுவின் சாரா கடத்தப்பட்டு, பாலைவனத்தில் ஒரு காருக்கு அடியில் கிடக்கிறார். எட்டாவது முடிவில் அதே குழுவின் வாரிக் சுடப்பட்டு, ஒன்பதாவது தொடக்கத்தில் கிரிஸமின் கையிலேயே உயிரை விடுகிறார். 2009 ஜனவரியில் கிரிஸம் விலகி, லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் நடித்த லாங்ஸ்டன் வருகிறார். அவருக்கு என்ன ஆகிறது? ஒரு தொடர் கொலைகாரன் அவரைக் கத்தியால் குத்துகிறான், பிறகு அவருடைய முன்னாள் மனைவியைக் கடத்துகிறான். அவர் போய் டெட் டான்சன் நடித்த ரஸல் வருகிறார். அவருடைய பேத்தியைக் கடத்துகிறார்கள்.

அந்த ஊரில் வேறு யாருக்கும் எதுவும் ஆகாதா?

நான் சொல்லவருவது இதுதான். தொடக்கத்தில் செத்தது யாரோ ஒருவர், விசாரிப்பவர்கள் நம் ஆட்கள். போகப்போக, செத்ததும் நம் ஆட்கள், கடத்தப்பட்டதும் நம் ஆட்கள், விசாரிப்பதும் நம் ஆட்கள். கேள்வியே மாறிவிட்டது. “யார் செய்தது?” என்பது போய், “இவர் பிழைப்பாரா?” என்று ஆகிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு மூளை வேண்டாம், படபடப்பு போதும். நாம் ‘தரம் குறைந்துவிட்டது’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடமாற்றத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

உடனே ஒருவர் எழுந்து, முதல் எபிசோடிலேயே வேலைக்குச் சேர்ந்த ஹோலி என்ற பெண் சுடப்படவில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் அடுத்த எபிசோடில் இறந்தும் போகிறார். ஆக விதை அன்றைக்கே இருந்தது. ஆனால் அது இந்த வேலையில் இப்படியும் நடக்கும் என்று காட்டி முடிந்தது. பிற்பாடு அதுவே வருடாந்திர வழக்கமாகிவிட்டது. சீசன் முடிகிற மே மாதம் வந்தால் குழுவில் யாருக்காவது ஆபத்து.

சரி, ஏன் இப்படி ஆகிறது? எழுதுகிறவர்களைத் திட்டுவதற்கு முன்னால் அவர்கள் பாட்டையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சீசன் என்றால் அந்தக் காலத்தில் 22, 24 எபிசோட். இந்தத் தொடர் வெற்றி பெற்றதும் 2002-ல் மயாமிக்கு ஒன்று, 2004-ல் நியூயார்க்குக்கு ஒன்று என்று கிளை திறந்தார்கள். ஆக ஒரே கடையில் வருடத்துக்கு ஏறக்குறைய எழுபது கொலை எழுதவேண்டும். போட்டிச் சேனல்காரர்களும் அதே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். விஷம், பூச்சி, கண்ணாடிச் சில்லு, டயர்த் தடம் எல்லாம் எத்தனை தடவை வரும்? புதுசாக ஒரு அந்நியரைப் படைத்து, நாற்பத்திச் சொச்ச நிமிடத்துக்குள் அவர்மேல் நமக்கு அக்கறை வரவைப்பது கடினமான வேலை. நிக்மேல் நமக்கு ஏற்கெனவே ஐந்து வருட அக்கறை சேர்ந்திருக்கிறது. அதை எடுத்துச் செலவு செய்வது சுலபம். சேமிப்பில் கைவைத்துக் குடும்பம் நடத்துகிற மாதிரி. முதல் மாதம் தாராளமாகத்தான் இருக்கும். டரான்டினோ எடுத்த அந்த எபிசோட் அபாரமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது அத்தனை நன்றாக அமைந்ததுதான் வினை. அதற்கப்புறம் எல்லாரும் அந்தச் சுவையைத் தேடத் தொடங்கிவிட்டார்கள், நாமும் சேர்த்து.

ஹீரோ போனதால்தான் கெட்டது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாங்ஸ்டன் வந்த புதிதில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயதான, படித்த மனிதர், ஆனால் இந்த வேலைக்குப் புதியவர், அடிமட்டத்திலிருந்து கற்றுக்கொள்கிறார். அவரோடு சேர்ந்து நாமும் மறுபடி முதல் வகுப்பில் உட்கார்ந்தோம். அப்படியே விட்டிருந்தால் தொடர் புதுரத்தம் பெற்றிருக்கும். விடவில்லை. ஒரு கொலைகாரனை அவருக்கென்றே நேர்ந்துவிட்டு, அவரையே கதையாக்கினார்கள். ஃபிஷ்பர்ன்மேல் பலர் பழி போடுகிறார்கள். அநியாயம்.

ஆள் மாறினால் தொடர் சாகாது என்பதற்கு ‘லா அண்ட் ஆர்டர்’ இருக்கிறது. 1990-லிருந்து 2010 வரை 20 சீசன். ஒவ்வொரு எபிசோடிலும் முதல் பாதி போலீஸ், மறுபாதி அரசு வழக்கறிஞர்கள். 1990-ல் திரையில் இருந்த முகங்களில் ஒன்றுகூட 2010-ல் இல்லை. ஆனாலும் தொடர் அதே தொடர். 1992 முதல் 2004 வரை ஜெர்ரி ஆர்பாக் நடித்த போலீஸ் துப்பறிவாளர் லென்னி ப்ரிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிணத்தைப் பார்த்ததும் கசப்பாக ஒரு வரி நக்கல் அடிப்பார், அதோடு தலைப்பு இசை தொடங்கிவிடும். அவருக்கு இரண்டு கல்யாணம் முறிந்தது, குடியை விட்டவர் என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? காரில் போகும்போது கூட இருப்பவரிடம் அரை வரி சொல்வார். அவ்வளவுதான், அதற்குள் கார் நின்றுவிடும், அடுத்த சாட்சி வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மகள் கொலையாகிறாள் என்று ஒரு கதை அவருக்கும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒன்று என்றால் அது இடி. வருடா வருடம் என்றால் அது காலண்டர்.

அதன் கிளையான, பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போலீஸ் பிரிவின் கதையான ‘எஸ்.வி.யூ.’ நேரெதிர். 1999-ல் தொடங்கியது. அங்கே துப்பறிவாளர் ஒலிவியா பென்ஸனின் பிறப்பு, தாய், குழந்தை, துன்பம் எல்லாமே கதை. கூட்டாளி ஸ்டேப்ளராக நடித்த கிறிஸ்டோபர் மெலோனி 2011-ல் விலகி, 2021-ல் அந்தக் குடும்பத்தின் இன்னொரு தொடரில் திரும்பி வந்தார். இடைப்பட்ட பத்து வருடமும், அந்த இரண்டு பேரும் சேருவார்களா மாட்டார்களா என்று ஒரு கூட்டம் காத்திருந்தது. வழக்கு என்னவானால் அவர்களுக்கு என்ன? என் கோட்பாட்டின்படி அந்தத் தொடர் எப்போதோ மூடப்பட்டிருக்க வேண்டும். அது என் கோட்பாட்டை மதிக்கவில்லை. எனக்குப் பிடிக்காதது வேறு, செத்துப்போனது வேறு என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஜெர்மனியின் ‘டாட்ஓர்ட்’ இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டியிருக்கிறது. 1970 நவம்பரில் தொடங்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஞாயிறு இரவு 8.15. ஒவ்வொரு வாரமும் வேறு நகரம், வேறு போலீஸ் ஜோடி. எனவே ஒரு ஜோடிக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு கதைதான் வரும். தொடக்கக் காட்சியில் வரும் அந்தக் கண்களும் க்ளாவுஸ் டோல்டிங்கரின் இசையும் அன்றைக்குப் போட்டதுதான். அங்கே ‘தொடர் கெட்டுவிட்டது’ என்று சொல்வதைவிட ‘இந்த ஊர் ஜோடி சரியில்லை, அந்த ஊர் ஜோடி பிரமாதம்’ என்று சண்டை போடலாம். ம்யூன்ஸ்டர் ஜோடி வெறும் காமெடி என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகம் பேர் பார்ப்பதும் அந்த ஜோடியைத்தான். பிரிட்டனின் ‘மிட்ஸோமர் மர்டர்ஸ்’ இன்னும் சாமர்த்தியம். 2011-ல் ஜான் நெட்டில்ஸ் நடித்த துப்பறிவாளர் டாம் பார்னபி ஓய்வு பெற்றார், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஜான் பார்னபி வந்தார். கதவில் பெயர்ப்பலகையைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

நம் இந்தித் தொடர் ‘சி.ஐ.டி.’யை விட்டுவிட்டால் நீங்கள் என்னை இறங்க விடமாட்டீர்கள். 1998-லிருந்து 2018 வரை 1,547 எபிசோட். 2004-ல் 111 நிமிடக் கதையை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தவர்கள். அதே ஆட்கள்தான் பிற்பாடு வாராவாரம் இன்ஸ்பெக்டர் தயாவை விட்டுக் கதவை உடைக்கச் சொன்னார்கள். தரம் இறங்கியது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் கோபப்படவில்லை. சிரித்தோம், கேலிப்படம் போட்டோம், 2024 டிசம்பரில் திரும்பி வந்தபோது கதவு எங்கே என்று தேடினோம். கெட்டுப்போனதே செல்லமாகிவிட்ட ஒரே கேஸ் இது.

அப்புறம் நாமும் மாறியிருக்கிறோம். முந்நூறு கொலை பார்த்தவருக்கு இலக்கணம் தெரியாமல் போகுமா? முதல் கால் மணியில் மாட்டுகிறவன் கொலைகாரன் இல்லை. எங்கோ பார்த்த பிரபல முகம் இரண்டு வசனம் மட்டும் பேசிவிட்டுப் போகிறதென்றால், அவ்வளவு சம்பளம் கொடுத்து அதற்காகவா கூப்பிட்டிருப்பார்கள்? அவர்தான் ஆள். இது கதையின் தப்பு இல்லை, நம் தேர்ச்சி. ஓடிடி வந்தபின் இன்னும் மோசம். வாரம் ஒன்றாகப் பார்த்தவர்களுக்கு மறக்க ஏழு நாள் இருந்தது. இன்று ஒருவர் பதினைந்து வருடத்தை இரண்டு மாதத்தில் பார்த்து முடிக்கிறார். ஜனவரியில் கடத்தப்பட்டவர் ஞாபகத்தில் இருக்கும்போதே பிப்ரவரியில் அடுத்தவரைக் கடத்துகிறார்கள். சி.எஸ்.ஐ.யின் எட்டாவது சீசன் ஏன் 17 எபிசோடோடு நிற்கிறது என்று குழம்புகிறார். 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது அவருக்கு எப்படித் தெரியும்? எழுத்தாளர்களுக்கு உற்சாகம் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அந்தப் பன்றிக் கதையை எனக்குக் காட்டியதே அவள்தான். கிரிஸம் போன அன்றைக்கே தொடரை நிறுத்தினாள். “இனி அதுல என்ன இருக்கு?” என்றாள். ஆறு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. 2015-ல் கடைசிக் கதைக்கு கிரிஸம் திரும்பி வருகிறார் என்று கேள்விப்பட்டு உட்கார்ந்தாள். ஊரில் குண்டுகள் வெடிக்கின்றன, பழைய ஆட்கள் எல்லாம் கூடி விசாரிக்கிறார்கள். கடைசியில் கிரிஸம் படகில் கிளம்ப, பிரிந்திருந்த சாரா வந்து சேர்ந்துகொள்கிறாள், இரண்டு பேரும் கடலுக்குள் போகிறார்கள். மறுநாள் போன் செய்தேன். அழுது தொண்டை கட்டியிருந்தது.

“சரி, குண்டு வெச்சது யாரு?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“யாரோ ஒருத்தன். அதை விடு, அந்தப் படகைப் பார்த்தியா?”