பனி உருகும் ஓசை

தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, ஒலிபெருக்கி வேண்டாம் என்று நான் கேட்டதும் சம்மதித்த நூலக வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, பந்தல் தந்த வணிகர் சங்கத்தாரே, முன்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். துருவப் பனி ஏன் சத்தம் போடுகிறது, அதை எப்படிக் கேட்கிறார்கள், நம் நாடு அங்கே என்ன செய்கிறது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கடல் மட்டம் உயர்வதுதான் யானை. பனி உருகும் சத்தம் மணியோசை.

என் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். லீவுக்குப் போனால் என்னையும் கூட்டிப்போவார். உள்ளே மிஷின் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. ஒருநாள் கரண்ட் போனது. பெரியப்பா ஒரு ஐஸ் துண்டை அண்டாத் தண்ணீரில் போட்டு, "டேய், அண்டாவுல காதை வையிடா" என்றார். வைத்தேன். கடுகு தாளிக்கிற மாதிரி சடசடவென்று சத்தம்! "உள்ளே யாரு பெரியப்பா சமைக்கிறது?" என்று கேட்டேன். வேலையாட்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். கரண்ட் வந்தது, மிஷின் ஓடியது. மறுபடி காதை வைத்தால் ஒன்றுமில்லை. "ஐஸு பேசிக்கிட்டுத்தான் இருக்கு. இந்த இரைச்சல்தான் கேக்க விடல" என்றார் பெரியப்பா.

அது சூடு பட்டு ஐஸ் விரிசல் விடும் சத்தம். பனியாற்றின், அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து கடலுக்கு வரும் பெரும் பனிப்பாளத்தின், சங்கதி வேறு. காலங்காலமாகப் பெய்த பனிக்குள் சிக்கிய காற்று, மேலே ஏறிய பாரத்தில் நசுங்கி அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. கடலில் பனி உருகும்போது அந்தக் குமிழிகள் படபடவென்று வெடித்து வெளியேறுகின்றன. அலாஸ்காவின் ஐசி பே போன்ற பனியாற்றுக் கழிமுகங்கள் கடலிலேயே மிகுந்த இரைச்சலுள்ள இடங்களில் சேரும் என்று 2015இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பனிச்சுவர் எப்போது சரியும் என்று தெரியாது, படகில் கிட்டே போவது ஆபத்து. அதனால் தள்ளியே ஹைட்ரோபோனை, அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக்கை, இறக்கிக் கேட்கிறார்கள். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் ஹார்ன்சுண்ட் கழிமுகத்தில் இப்படித்தான் கேட்கிறார்கள். அதே ஸ்வால்பார்டில், காங்ஸ்ஃபியோர்டன் கழிமுகத்தில், 2014இல் நம்மவர்கள் கடலை அளக்கும் கருவித் தொகுதி ஒன்றை நங்கூரமிட்டார்கள். அதை உருவாக்கியது பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம்.

ஆனால் கப்பல் ஒன்று அந்தப் பக்கம் போனால் போதும், இன்ஜின் சத்தம் குமிழிச் சத்தத்தை மூடிவிடும். மணியோசை முன்னே வந்தாலும் காதில் விழ வேண்டுமே!

நம் ஊரிலும் இதே கதைதான். மருத்துவமனை, பள்ளிக்கூடம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரித் தெருவில் ஏர் ஹாரன் அடங்குவதே இல்லை. பிறந்த குழந்தை தூக்கி வாரிப்போடுவதை நானே கண்ணால் பார்த்தேன். தலைவர் அவர்களே, அந்தத் தெருவின் இரண்டு முனையிலும் பலகை வைக்கச் சொல்லுங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.