தென் துருவத்தில் கிணறு எப்படி வேலை செய்கிறது?

[காட்சி: கல்லடியில் ஒரு வீட்டு முற்றம், கொட்டுக் கிணறு]

குரல்: மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடாப் பக்கம் மணலைத் தோண்டிக் கொட்டு இறக்கினால் சில மீற்றர் ஆழத்திலேயே தண்ணீர் ஊறும். தென் துருவத்திலும் கிணறு இருக்கிறது. ஆனால் அங்கே ஊற்று என்று ஒன்றும் கிடையாது. வேண்டிய தண்ணீர் முழுவதையும் உருக்கித்தான் எடுக்க வேண்டும்.

[காட்சி: அமுண்ட்சன்–ஸ்கொட் நிலையம், தூண்களின் மேல் நிற்கும் கட்டடம்]

குரல்: இது அமெரிக்காவின் அமுண்ட்சன்–ஸ்கொட் நிலையம். இதற்கு அடியில் ஏறக்குறைய 2,700 மீற்றர் தடிப்பில் பனிக்கட்டி கிடக்கிறது. கோடையில் 150 பேர் அளவிலும், குளிர்காலத்தில் 40 பேர் அளவிலும் இங்கே தங்குவார்கள். ஒருவர் வாரத்துக்கு இரண்டு தடவைதான் குளிக்கலாம், அதுவும் தடவைக்கு இரண்டு நிமிடம்.

இவ்வளவு பனியை வைத்துக்கொண்டு ஏன் இந்தக் கட்டுப்பாடு? கணக்கைப் பாருங்கள். அந்தப் பனியின் வெப்பநிலை மறை 50 பாகை செல்சியஸ் அளவு. ஒரு கிலோவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 கிலோயூல் வேண்டும். பூச்சியத்துக்கு வந்த பிறகு அதை உருக்க இன்னும் 334 கிலோயூல். ஒரு லீற்றர் எரிபொருளின் சூடு துளியும் வீணாகாமல் போய்ச் சேர்ந்தாலும், உருகுவது 80 லீற்றர் தண்ணீர்தான். அந்த எரிபொருளோ கரையோரத்திலிருந்து விமானத்திலும் பனி உழவு இயந்திரத் தொடரிலும் வர வேண்டியது. பெப்ரவரி நடுவிலிருந்து ஒக்டோபர் கடைசி வரை அந்த வழமையான போக்குவரத்தும் நின்றுவிடும்.

[காட்சி: கிணற்றின் குறுக்குவெட்டு வரைபடம்]

குரல்: இதற்கு ஒரு வழி கண்டவர் ரவுல் ரொட்ரிகெஸ் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளர். 1960 ஆம் ஆண்டை ஒட்டிக் கிறீன்லாந்தில் இதைச் செய்து பார்த்தார். அவர் பெயரால் இதை 'ரொட்வெல்' என்கிறார்கள்.

முதலில் வெந்நீரைப் பாய்ச்சித் துளை போடுவார்கள். மேற்பகுதி இறுகாத பனி, காற்று இடைவெளி நிறைந்தது. அங்கே உருக்கினால் தண்ணீர் பக்கத்துப் பனிக்குள் கசிந்து போய்விடும். ஆகவே 60 மீற்றரையும் தாண்டி, கசியாத இறுகிய பனியில்தான் தண்ணீரைத் தேக்க முடியும்.

துளைக்குள் நீர்மூழ்கி மோட்டர் இறங்கும். அது இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு நிலையத்துக்குப் போகும். மற்றப் பங்கைச் சூடாக்கித் திரும்பக் கிணற்றுக்கே விடுவார்கள். அந்தச் சூடு சுவரை உருக்க, அடியில் குமிழ் வடிவில் ஒரு குளம் உருவாகும். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தச் சூடு வரும் வழி: மின்பிறப்பாக்கிகள் ஓடும்போது வீணாக வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துத்தான் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள்.

[காட்சி: வெப்பக் கம்பி சுற்றிய குழாய்]

குரல்: கிணற்றில் எங்கே பிழை வரும்? உருகுவதைவிட வேகமாக இறைத்தால் குளம் சுருங்கும். சூடு போவது நின்றால் சுற்றியுள்ள பனி குளத்தை மெல்ல மெல்ல உறைய வைக்கும். மேலேறும் குழாய் அதற்கு முன்பே உறைந்துவிடும். அதனால்தான் குழாய் நெடுக வெப்பக் கம்பி ஓடுகிறது. இன்னொன்று, உருக உருகக் குளம் கீழே இறங்கிக்கொண்டே போகும். சில வருடங்களில் 150 மீற்றர் அளவுக்குப் போய்விட்டால், அவ்வளவு ஆழத்திலிருந்து இறைப்பதும் அதைச் சூடாக வைத்திருப்பதும் கட்டுப்படியாகாது. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய கிணற்றை ஆரம்பித்துவிட வேண்டும்.

[காட்சி: நுணுக்குக்காட்டியில் கரிய மணிகள்]

குரல்: பல நூற்றாண்டுகளுக்கு முன் விழுந்த பனி இது. அதனோடு விண்வெளித் தூசும் விழுந்திருக்கிறது. பனி உருக, அந்தத் தூசு அடியில் போய்ப் படியும். 1995 இல் விஞ்ஞானிகள் கிணற்றின் அடியை உறிஞ்சியெடுத்து, ஆயிரக்கணக்கான நுண் விண்கற்களைச் சேகரித்தார்கள்.

கைவிட்ட கிணறும் சும்மா கிடப்பதில்லை. நிலையத்தின் கழிவுநீர் அந்தப் பள்ளத்துக்குள்தான் போகிறது. குப்பை அப்படியல்ல. அதை வகை வகையாகப் பிரித்து, கட்டி, அந்தாட்டிக்காவை விட்டே வெளியே அனுப்புகிறார்கள்.